சார்லி பிரைட்: முகத்தை மறைத்து விற்ற குரலா?

"சார்லி பிரைட் கறுப்பினத்தவர் என்பதை மறைத்துத்தான் அவருடைய ரெக்கார்டுகளை விற்றார்கள் என்கிறார்களே, உண்மையா? வெள்ளையரின் இசை என்று பெயரெடுத்த கன்ட்ரி இசையில் அவர் எப்படி அந்த உயரத்துக்குப் போனார்?" இதுதான் கேள்வி. பிரைட் ஓர் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர். கன்ட்ரி என்பது அந்நாட்டின் தென்மாநிலக் கிராமங்களில் வளர்ந்த வெகுஜன இசை.

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். 1966 ஜனவரியில் அவருடைய முதல் சிங்கிள், அதாவது தனிப்பாடல் ரெக்கார்டு, வெளிவந்தபோது வானொலி நிலையங்களுக்கு அவரது புகைப்படம் அனுப்பப்படவில்லை. அது உண்மை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையிலேயே அவர் முகம் இருந்தது. அதாவது முகம் தெரியாமல் இருந்த காலம் ஓராண்டுக்கும் குறைவு. அதற்குப் பிறகு பதினேழு ஆண்டுகளில் அவருடைய 29 பாடல்கள் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. வாங்கியவர்கள் எல்லோரும் யாருடைய ரெக்கார்டு என்று தெரிந்தே வாங்கினார்கள். 'மறைத்து விற்றார்கள்' என்ற கதையை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு மாபெரும் பாடகரின் உழைப்பு முழுவதும் விற்பனைத் தந்திரமாகச் சுருங்கிவிடும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பிரைட் 1934 மார்ச் 18 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினோரு பிள்ளைகளில் நான்காமவர். பெற்றோர் விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் குடிகள். நிலம் வேறொருவருடையது. விளைந்ததில் பங்கு போக, கடன் போக, மிச்சம் இருந்தால் உண்டு. பிள்ளைகளும் பருத்தி எடுக்கப் போனார்கள். அப்பா அவருக்கு 'சார்ல்' என்றுதான் பெயர் வைக்க நினைத்தார். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழையாக 'சார்லி' என்று பதிந்துவிட, அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வீட்டில் ஒரு பில்கோ ரேடியோ இருந்தது. அதைத் திருப்பும் உரிமை அப்பாவுடையது. சனிக்கிழமை இரவானால் அவர் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் மேடையில் இருந்து நேரடியாக ஒலிபரப்பாகும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியை வைப்பார். ராய் ஏகஃப், எர்னஸ்ட் டப், ஹேங்க் வில்லியம்ஸ் என்று அந்தக் குரல்களைக் கேட்டே மகன் வளர்ந்தான். பதினான்கு வயதில் அம்மா சியர்ஸ் நிறுவனத்தின் சில்வர்டோன் கிட்டார் ஒன்று வாங்கித் தந்தார். ரேடியோவைக் கேட்டுக் கேட்டே தானாக வாசிக்கப் பழகினான். இவர் எங்கிருந்து இந்தப் பாட்டைப் பிடித்தார் என்று பிற்காலத்தில் வியந்தவர்கள் இந்த ரேடியோவை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒலி தென்மாநிலத்து வீடுகள் எல்லாவற்றுக்குள்ளும் போயிற்று. கேட்பவரின் தோல் நிறத்தைப் பார்த்து அது நின்றுவிடவில்லை.

கன்ட்ரி இசை எப்படி 'வெள்ளையர் இசை' ஆனது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த இசையின் அடையாளமான பேன்ஜோ என்ற தந்திக் கருவி, ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்த கருவி மரபில் பிறந்தது. ஹேங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது அலபாமாவில் அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். 1930-ல், தொடக்க கால வெள்ளைக் கன்ட்ரி நட்சத்திரம் ஜிம்மி ராட்ஜர்ஸின் ஒரு புகழ்பெற்ற பதிவில் டிரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். இசைக்கலைஞர்கள் ஒருவரிடம் ஒருவர் தாராளமாகக் கற்றார்கள். கோடு போட்டவை ரெக்கார்டு நிறுவனங்கள். 1920களில் அவை கறுப்பின வாடிக்கையாளர்களுக்கு ஒரு பட்டியல், கிராமப்புற வெள்ளையருக்கு வேறொரு பட்டியல் என்று இரண்டாகப் பிரித்து விற்கத் தொடங்கின. ஒரே ஊர், ஒரே பாட்டு, ஆனால் பாடியவரின் நிறத்தைப் பொறுத்து ரெக்கார்டு வேறு அலமாரிக்குப் போனது. நாற்பது ஆண்டுகள் அப்படியே விற்ற பிறகு, அந்த அலமாரிதான் இயற்கை என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். கிராண்ட் ஓல் ஆப்ரியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவரான ஹார்மோனிகாக் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர்தான். 1941-ல் அவர் வெளியேற்றப்பட்டார். அதற்குப் பிறகு அந்த மேடையில் நீண்ட காலம் பெரும்பாலும் வெள்ளை முகங்களே.

பிரைடின் முதல் கனவு பாட்டு இல்லை, பேஸ்பால். 1947-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத் தடையை உடைத்தபோது இவருக்குப் பதின்மூன்று வயது. பருத்திக் காட்டில் இருந்து வெளியேற ஒரு வழி தெரிந்துவிட்டது. பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். கறுப்பினத்தவருக்கான தனி லீக்கில் மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணியின் பிட்ச்சரானார், அதாவது பந்து எறிபவரானார். 1953-ல் நியூயார்க் யாங்கீஸின் கீழ்நிலை அணி ஒன்றில் இடம் கிடைத்தது. கையில் அடிபட்டது, இடம் போனது. லூயிவில் அணியில் இருந்தபோது அவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் பர்மிங்காம் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய பஸ்ஸை வாங்கிக்கொண்டார்களாம். இரண்டு மனிதர்களின் விலை ஒரு பஸ் என்பதை அவர் பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எனக்கு அதைப் படிக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

1956-ல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். அதே ஆண்டு ரோஸீனைத் திருமணம் செய்துகொண்டார். கடைசிவரை அவர் வாழ்விலும் தொழிலிலும் உடனிருந்தவர் ரோஸீன். 1960-ல் பேஸ்பாலைத் துரத்திக்கொண்டே வடக்கே மொன்டானா மாநிலத்துக்குப் போனார். அங்கே ஈஸ்ட் ஹெலினாவில் ஓர் உருக்காலையில் வேலை. ஆலைக்கென்று ஓர் அணி இருந்தது. அதில் ஆடினார். இவர் பாடுவார் என்று தெரிந்ததும், ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் பாடுவதற்குத் தனியாகப் பணம் கொடுத்தார்கள். பகலில் உலை, மாலையில் ஆட்டம், இரவில் ஹெலினா ஊர் மதுக்கூடங்களில் பாட்டு. கறுப்பினத்தவர் மிகச் சிலரே வாழ்ந்த மாநிலம் அது. அங்கேயே, சுரங்க, ஆலைத் தொழிலாளர் முன்னால் இரவு இரவாகப் பாடித்தான் ஒரு வெள்ளைக் கூட்டத்தை எப்படித் தன் பக்கம் இழுப்பது என்பதை அவர் கற்றுக்கொண்டார் என்பது என் கணிப்பு. நாஷ்வில் அவருக்குக் கொடுத்தது ஸ்டூடியோ. பழக்கம் மொன்டானாவில் வந்தது.

1962-ல் ரெட் ஃபோலி, ரெட் சொவைன் என்ற இரு கன்ட்ரி பாடகர்கள் ஹெலினாவுக்கு நிகழ்ச்சிக்காக வந்தார்கள். மேடைக்குப் பின்னால் போய் அவர்கள் முன் பாடிக் காட்டினார். நாஷ்வில்லுக்குப் போகச் சொன்னார்கள். அவர் உடனே போகவில்லை. 1963-ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குப் போய், அங்கும் கதவு மூடிய பிறகு, திரும்பும் வழியில்தான் நாஷ்வில்லில் இறங்கினார்.

அங்கே ஜாக் ஜான்சன் என்பவரைச் சந்தித்தார். ஜான்சன் ஒரு கறுப்பினக் கன்ட்ரி பாடகரைத் தேடிக்கொண்டிருந்தவர். பிரைட் பாடி முடித்ததும், "இப்போது உங்கள் சொந்தக் குரலில் பாடுங்கள்" என்றாராம். "இதுதான் என் சொந்தக் குரல்" என்றார் பிரைட். இந்தச் சம்பவத்தைக் கவனியுங்கள். நல்லெண்ணத்தோடு தேடியவருக்கே, இது பாவனையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

ஜான்சன் அவரைத் தயாரிப்பாளர் ஜாக் கிளெமெண்டிடம் கொண்டுபோனார். 1965 ஆகஸ்டில் ஆர்.சி.ஏ. ரெக்கார்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் இரண்டு பாடல்கள் பதிவாயின. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவர் வாழும் வாட்ஸ் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்த மாதம் அது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் கையெழுத்தானதும் அதே மாதம். கிட்டார் மேதையும் ஆர்.சி.ஏ.வின் நாஷ்வில் தலைவருமான செட் அட்கின்ஸ், நிறுவன அதிகாரிகளுக்கு முதலில் டேப்பைப் போட்டுக் காட்டினார். எல்லோரும் பிடித்திருக்கிறது என்ற பிறகுதான் பாடியவர் யார் என்று சொன்னார். ஒப்பந்தம் போட்டார்கள். விளம்பரம் எதுவும் இல்லாமல் பாட்டைப் பாட்டாக அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள்.

அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. கன்ட்ரி இசையின் முதுகெலும்பு காதல் பாட்டு. கேட்கும் பெண்கள் பெரும்பாலும் வெள்ளையர். கலப்புத் திருமணத்தைத் தடைசெய்யும் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்ததே 1967 ஜூனில்தான். அந்தச் சூழலில் ஒரு கறுப்பின ஆண் உருகி உருகிக் காதலைப் பாடினால் தெற்கத்தி வானொலி நிலையங்கள் ரெக்கார்டைத் தூக்கி எறியும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கணக்கு சரியா என்பது வேறு விஷயம். அந்தக் கணக்கை அன்று தவறு என்று சொல்லியிருக்கக்கூடிய ஆட்கள் குறைவு.

முதல் பாடல் 'தி ஸ்னேக்ஸ் க்ரால் அட் நைட்' பெரிதாகப் போகவில்லை. 1966 இறுதியில் வந்த மூன்றாவது பாடல் 'ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ' பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறியது. கிராமி பரிந்துரையும் பெற்றது. இதற்கிடையில் டெட்ராயிட்டில் ஒலிம்பியா அரங்கம். பத்தாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம். கன்ட்ரி நட்சத்திரங்கள் மெர்ல் ஹேகர்டும் பக் ஓவன்ஸும் பாடும் நிகழ்ச்சி. இவர் பெயரை அறிவித்ததும் கைதட்டல். மேடைக்கு வந்ததும் கைதட்டல் தேய்ந்து அமைதி. பிரைட் அந்த அமைதியைத் தள்ளிவிட்டுப் பாட்டைத் தொடங்கவில்லை. 'இந்த நிரந்தர வெயில் நிறத்தோடு நான் இங்கே வந்து கன்ட்ரி பாடுவது கொஞ்சம் புதுமையாகத்தான் இருக்கும்' என்ற பொருளில் பேசினார். பாட்டுகளைப் பாடிவிட்டு, நேரம் இருந்தால் ஹேங்க் வில்லியம்ஸ் ஒன்றும் பாடுகிறேன் என்றார். சிரித்தார்கள், தட்டினார்கள், முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

இந்த நகைச்சுவையை வைத்து அவரைக் குறைசொல்பவர்கள் உண்டு. வெள்ளையர் மனம் நோகாமல் நடந்துகொண்டார், உரிமைப் போராட்டத்தில் வாய் திறக்கவில்லை என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அரங்கில் எல்லோர் மனத்திலும் இருந்ததை முதலில் தானே உரக்கச் சொல்லி, பேச்சை அங்கேயே முடித்து, பிறகு பாட்டைக் கேட்கவைத்தார். தயவு கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த பத்தாண்டுகள் தெற்கின் சிற்றூர்களில் இரவு இரவாக மேடை ஏறியதற்கு வேண்டிய துணிச்சலை, வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாம் எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது.

1967 ஜனவரியில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடைக்கு வந்தார். டிஃபோர்ட் பெய்லிக்குப் பிறகு அங்கே தனிக் கலைஞராக மேடையேறிய முதல் கறுப்பினத்தவர். அவரை அறிமுகப்படுத்தியவர் எர்னஸ்ட் டப். அப்பாவின் பில்கோவில் கேட்ட அதே எர்னஸ்ட் டப். சில ஆண்டுகளில் உறுப்பினராகவும் அழைத்தார்கள். சனிக்கிழமைகளில் நாஷ்வில்லில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பயணத் திட்டத்தோடு ஒத்துவராததால் அப்போது ஏற்கவில்லை. 1993-ல்தான் உறுப்பினரானார்.

1969-ல் முதல் நம்பர் ஒன், 'ஆல் ஐ ஹேவ் டு ஆஃபர் யூ இஸ் மீ'. அதிலிருந்து 1971 தொடக்கம் வரை ஆறு பாடல்கள் வரிசையாக முதலிடம். 1971 இறுதியில் 'கிஸ் ஆன் ஏஞ்சல் குட் மார்னின்' வந்தது. ஐந்து வாரம் கன்ட்ரி பட்டியலின் உச்சியில் இருந்ததோடு, பொதுப் பட்டியலிலும் 21ஆம் இடம் வரை போனது. அந்த ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் மிக உயர்ந்த விருதான 'ஆண்டின் சிறந்த கலைஞர்' அவருக்குக் கிடைத்தது. சிறந்த ஆண் பாடகர் விருது 1971, 1972 என இரு ஆண்டுகளும். எழுபதுகளில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் எல்விஸ் பிரெஸ்லிக்கு அடுத்து அதிகம் விற்றவர் இவர்தான். 1974-ல் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் தேசிய கீதம் பாடினார்.

இந்த வெற்றிக்கு உண்மையான காரணம் என்ன? குரல்தான். தடித்த, கதகதப்பான பாரிட்டோன். ஹேங்க் வில்லியம்ஸின் அழுகை விளிம்பு அதில் உண்டு, ஆனால் உடைந்து போவதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுவார். சொற்களைத் தெளிவாக உச்சரிப்பார். தாளத்துக்கு அரைக்கணம் பின்னால் வந்து சேரும் சுகம் அதில் இருக்கும். அறுபதுகளின் பிற்பகுதியில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் பாட்டுக்கு வயலின் கூட்டங்களையும் பின்னணிக் குழுக்களையும் சேர்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். கிளெமெண்ட் இவர் பாடல்களில் பழைய கன்ட்ரியின் கருவிகளான ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் முன்னால் வைத்தார். அதற்கு ஒரு விற்பனைக் காரணமும் இருந்திருக்கும்: இவர் கன்ட்ரி பாடகர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. முதல் ரெக்கார்டுகளில் அவர் பெயரையே 'கன்ட்ரி சார்லி பிரைட்' என்று போட்டார்கள். விளைவு, அன்றைய பல வெள்ளைப் பாடகர்களைவிட இவருடைய ஒலி பழைய கன்ட்ரிக்கு நெருக்கமாக இருந்தது.

அவர் புகழ் அமெரிக்காவோடு நிற்கவில்லை. அயர்லாந்தில் அவர் மேல் இருந்த பிரியம் தனி. 1976 நவம்பரில், குண்டுவெடிப்புகளுக்குப் பயந்து வெளிநாட்டுக் கலைஞர்கள் வட அயர்லாந்தைத் தவிர்த்துவந்த காலத்தில், பெல்ஃபாஸ்டின் ரிட்ஸ் சினிமா அரங்கில் போய்ப் பாடினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மியாமி ஷோபேண்ட் இசைக்குழுவினர் மூவர் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டிருந்தார்கள். மோதிக்கொண்டிருந்த கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்டார்கள். அவருடைய 'கிரிஸ்டல் சாண்டிலியர்ஸ்' பாட்டு அங்கே இரு தரப்பும் சேர்ந்து பாடும் பாட்டாகிவிட்டது.

வெற்றியின் நடுவே நோயும் இருந்தது. கட்டுக்கடங்காத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோயோடு போராடியதையும், அதற்கு மருந்து எடுத்துக்கொண்டதையும் 1994-ல் வந்த சுயசரிதையில் வெளிப்படையாக எழுதினார். அன்றைய கன்ட்ரி நட்சத்திரம் ஒருவர் அப்படி எழுதியது அரிது. மற்றவை: டாலஸ் நகரில் குடியேறி, பாடல் பதிப்புத் தொழிலிலும் ஈடுபட்டார். பார்வையற்ற பாடகர் ரானி மில்சாப்பைக் கன்ட்ரிப் பக்கம் வரச் சொல்லி ஊக்கப்படுத்தியதில் இவருக்குப் பங்கு உண்டு. 1986-ல் ஆர்.சி.ஏ.வை விட்டு விலகினார். 2000-ல் கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். பேஸ்பாலும் கடைசியில் அவரிடம் திரும்பி வந்தது. 2008-ல் பழைய கறுப்பின லீக் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க நடந்த தேர்வில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரைப் பெயருக்குத் தேர்ந்தெடுத்தது. 2010-ல் அந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவரானார்.

இனி என்னை உறுத்துகிற விஷயம். பிரைட் கதவைத் திறந்துவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். அவருடைய கடைசி நம்பர் ஒன் 1983-ல் வந்தது. 1985-ல் வில்லி நெல்சனோடு ரே சார்ல்ஸ் சேர்ந்து பாடிய பாட்டைத் தவிர்த்தால், அடுத்த கறுப்பினப் பாடகர் தனியாக முதலிடம் தொட்டது 2008-ல், டாரியஸ் ரக்கர். இருபத்தைந்து ஆண்டுகள்! ஒருவர் இவ்வளவு விற்றுக் காட்டிய பிறகும் அவரைப் போல இன்னொருவரை அந்த உயரத்துக்குக் கொண்டுவர நிறுவனங்கள் போதிய அக்கறை காட்டவில்லை. வழக்கமாக ஒரு பாணி விற்றால் அதே பாணியில் பத்துப் பேரைக் கொண்டுவருவதுதான் அந்தத் தொழிலின் இயல்பு. இவர் விஷயத்தில் மட்டும், ஒருவர் இருக்கிறாரே, போதும் என்று விட்டுவிட்டார்கள். முகத்தை ஓராண்டு மறைத்ததைவிட இது பெரிய அநீதி என்பேன். 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதைப் பெற்ற கறுப்பினத்தவர் இன்றுவரை அவர் ஒருவரே.

2020 நவம்பர் 11 அன்று நாஷ்வில்லில் வாழ்நாள் சாதனை விருதை வாங்கிக்கொண்டு, இளம் கறுப்பினப் பாடகர் ஜிம்மி ஆலனோடு சேர்ந்து 'கிஸ் ஆன் ஏஞ்சல்' பாடினார். 86 வயது. கொரோனா உச்சத்தில் இருந்தபோது உள்ளரங்கில் நடந்த நிகழ்ச்சி அது. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, டாலஸில் கொரோனாவின் விளைவுகளால் இறந்தார். நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் செய்த பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஆனாலும் அந்த வயதுக்காரரை அங்கே வரவழைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியைச் சக கலைஞர்களே எழுப்பினார்கள். எனக்கும் அதில் வருத்தம் உண்டு.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றால், 'கிஸ் ஆன் ஏஞ்சல்' எல்லோரும் சொல்வார்கள், இனிமையான பாட்டுதான். நான் முதலில் பரிந்துரைப்பது டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில், பாந்தர் ஹால் அரங்கில் பதிவான நேரடி நிகழ்ச்சி ஆல்பம். 1969-ல் வெளிவந்தது. அதில் ஹேங்க் வில்லியம்ஸின் 'காலைகா'வைப் பாடும் இடத்தில் கூட்டம் எப்படிப் பொங்குகிறது என்று கேளுங்கள். பிறகு 'இஸ் எனிபடி கோயிங் டு சான் அன்டோன்'. அதன்பின் 1974-ல் வந்த 'மிசிசிப்பி காட்டன் பிக்கிங் டெல்டா டவுன்'. ஸ்லெட்ஜ் போன்ற ஊரில் வளர்ந்தவர் பருத்திக் காட்டு ஊரைப் பற்றிப் பாடுவதைக் கேட்கும்போது, அந்தப் பில்கோ ரேடியோ வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.